யாழ்ப்பாணத்துக் கலவைக் காசுகள்: எழுத்தை வாசித்தலும் உரிமை கோரலும்

பணத்தைக் குறிக்க நம்மிடையே பல சொற்கள் வழங்குகின்றன. யாழ்ப்பாணத்தவர் 'காசு' என்பர். இலங்கை முஸ்லிம்களின் பேச்சில் 'சல்லி' என்ற சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. முந்திய தலைமுறையினர் 'துட்டு' என்றனர். 'ஐந்து சதத்துக்கும் உதவாது' என்ற வசை, அந்தச் சதக்குற்றி மறைந்த பின்னரும் வழங்குகிறது. இச்சொற்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் உலோகத் துண்டு உண்டு. சல்லி என்பது ஒல்லாந்தரின் டொயிற் என்னும் சிறு செப்புக் காசுக்கு இந்நாட்டார் இட்ட பெயர். துட்டு என்பதன் வேரைச் சிலர் அதே டொயிற்றிலும் வேறு சிலர் தெலுங்கு, கன்னட மொழிகளிலும் தேடுவர். சதம் 1872இல் பிரித்தானியர் கொண்டுவந்த தசமக் கணக்கின் பிள்ளை. மறுதலையாக, காசும் பணமும் நம்மிடமிருந்து ஐரோப்பியரின் கணக்குப் புத்தகங்களுக்குச் சென்று 'கேஷ்' எனவும் 'ஃபனம்' எனவும் எழுதப்பட்டன.

சொற்கள் கலந்தவாறே காசுகளும் கலந்து கிடக்கின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணறு வெட்டும்போதோ, தோட்டங் கொத்தும்போதோ, பனங்கிழங்குப் பாத்திக்கு மண் எடுக்கும்போதோ பழைய செப்புக் காசு ஒன்று அகப்படுவது புதினமல்ல. அவை வீட்டுக்கு வந்து, பால்மா ரின் ஒன்றுக்குள் விழுந்து, பாட்டனார் காலத்துச் சதங்களோடும் யாரோ இந்தியாவிலிருந்து கொண்டுவந்த அணாக்களோடும் சேர்ந்துவிடுகின்றன. பல வருடங்களின் பின் பேரப்பிள்ளை அந்த ரின்னைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கு வருகிறது. "சேர், இதெல்லாம் ஆருடைய காசு?" என்று கேட்கிறது.

வரலாறு படிப்பிக்கும் ஓர் ஆசிரியனுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. இதைவிட ஆபத்தான கேள்வியும் கிடைக்காது. 'ஆருடைய காசு' என்பதற்கு 'எந்த அரசு அடித்த காசு' என்று பொருள் கொண்டால் விடை கூறலாம். 'எங்களுடையதா, அவர்களுடையதா' என்று பொருள் கொண்டால் காசு தவறான சாட்சியாகிவிடும். இவ்விரு கேள்விகளையும் பிரித்தறியும் முறையை, நமது மண்ணில் கிடைக்கும் காசுகளைக் கொண்டே விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

கந்தரோடையின் பாடம்

கலவைக் காசுகள் பற்றிப் பேசும்போது முதலில் நினைவுக்கு வருவது கந்தரோடை. சுன்னாகத்துக்கு அண்மையிலுள்ள இக்கிராமத்தில் போல் ஈ. பீரிஸ் சேகரித்த தொல்பொருள்கள் பற்றி, 1917இலும் 1919இலும் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை வெளியிட்ட சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரைகள் வெளிவந்தன. முத்திரை குத்திய வெள்ளிக் காசுகள், இலட்சுமி உருவம் பொறித்த செப்புத் தகடுகள், உரோமக் காசுகள் என அவர் கண்டவை பல காலத்தவை, பல தேசத்தவை. பின்னர் 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையின் சார்பில் விமலா பெக்லி, பெனற் புறொன்சன் ஆகியோர் அங்கு அகழ்வு நடத்தினர்.

இக்காசுகளை அடையாளங் காண்பது எப்படி? முத்திரை குத்திய காசு வடிவில் ஒழுங்கற்றது. சதுரம், நீள்சதுரம், மூலை வெட்டிய துண்டு என எவ்வடிவிலும் இருக்கும். அதில் எழுத்து இராது. சூரியன், சக்கரம், மிருகம், மரம் போன்ற சிறு முத்திரைகள் ஒன்றன்மேலொன்றாகக் குத்தப்பட்டிருக்கும். தேயாத காசு மூன்றரைக் கிராமுக்குச் சற்றுக் குறைவாக நிறுக்கும். கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளில் வட இந்தியாவில் தோன்றி உபகண்டம் முழுவதும் பரவிய நாணயம் இது. இலட்சுமித் தகடோ நீள்சதுரமானது. ஒரு பக்கத்தில் இரு யானைகள் நீராட்டும் பெண்ணுருவமும், மறுபக்கத்தில் வேலியடைப்பின் மேல் நிற்கும் சுவஸ்திகமும் காணப்படும். உரோமக் காசுகளிற் பெரும்பாலானவை கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளுக்குரிய மிகச் சிறிய செப்புக் காசுகள். தேய்ந்தவற்றில் அரசனின் பக்கவாட்டு முகம் மட்டுமே தட்டுப்படும்.

பீரிஸ் தமது கட்டுரைகளுக்கு இட்ட தலைப்பு நாகதீபத்தையும் யாழ்ப்பாணத்துப் பௌத்த எச்சங்களையும் சுட்டியது. அன்றிலிருந்து கந்தரோடை 'யாருடையது' என்ற வாதம் தொடர்கிறது. ஆனால் காசுகளை மட்டும் வைத்துப் பார்த்தால் அவை அந்த வாதத்தில் எவர் பக்கமும் சேரவில்லை. உரோமக் காசு கிடைத்ததால் கந்தரோடையில் உரோமர் குடியிருந்தனர் என்று எவரும் சொல்வதில்லை. வணிகம் நடந்தது என்றே சொல்கிறோம். உரோமக் காசு விடயத்தில் நாம் காட்டும் இந்த நிதானத்தை மற்றைய காசுகளிலும் காட்ட வேண்டும் என்பதே கந்தரோடையின் பாடம்.

நிற்கும் மனிதன்

குடாநாட்டு ரின்களில் அடிக்கடி காணக்கூடியது, குச்சிகளை அடுக்கிவைத்தாற்போன்ற ஒரு மனித உருவம் நிற்கும் செப்புக் காசு. இதைக் கண்டதும் பலர் 'இராசராசன் காசு' என்று தீர்ப்பளித்துவிடுவர். அவசரப்படலாகாது. முன்பக்கத்தில் ஒரேமாதிரி நிற்கும் இம்மனிதன், பின்பக்கத்தில் மூன்று வெவ்வேறு வரலாறுகளை மறைத்து வைத்திருக்கிறான்.

காசைத் திருப்பிப் பார்த்தால் அமர்ந்த உருவமும் அதன் அருகே நாகரி எழுத்தும் இருக்கலாம். அவ்வெழுத்து 'ஸ்ரீ ராஜராஜ' என்றிருப்பின் அது முதலாம் இராசராசனின் (985–1014) பெயரால் வந்த காசு. சோழர் 993 அளவில் அநுராதபுரத்தைக் கைப்பற்றி, பொலன்னறுவையைத் தலைநகராக்கி, 1070 வரை ஆண்டனர். அவர்கள் சென்ற பின்னும் அவர்களது காசின் அமைப்பு போகவில்லை. முதலாம் பராக்கிரமபாகு, இராணி லீலாவதி, சாகசமல்லன், யாப்பகூவையிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு முதலியோர் அதே நிற்கும் மனிதனையும் அமர்ந்த மனிதனையும் வைத்துக்கொண்டு, பெயரை மட்டும் மாற்றினர். 'மஸ்ஸ' எனப்படும் இக்காசுகளின் எடை ஏறக்குறைய நான்கு கிராம். ஆகவே, அமர்ந்த உருவத்தின் பக்கத்திலுள்ள நாகரி எழுத்தை வாசிக்காமல் அது சோழர் காசா சிங்கள மன்னர் காசா என்று சொல்ல முடியாது.

மூன்றாவது சாத்தியம், பின்பக்கத்தில் அமர்ந்த உருவத்துக்குப் பதிலாக ஓர் எருது படுத்திருப்பது. அதன் மேலே பிறை. கீழே தமிழில் 'சேது' என்ற இரண்டெழுத்து. இதுவே யாழ்ப்பாண இராச்சியத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் காசு. இதன் அடையாளம் நிலைபெற்ற விதம் அறியத்தக்கது. 'சேது' என்ற சொல் இராமேசுவரத்தை நினைவூட்டுவதால், இவை இராமநாதபுரத்துச் சேதுபதிகளின் காசுகள் என்று முன்னர் கருதப்பட்டன. சுவாமி ஞானப்பிரகாசர் 1920இல், இவை மறக்கப்பட்ட யாழ்ப்பாண மன்னர் காசுகளே என வாதிட்டார். கொட்றிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய பெருநூலும், முதலியார் செ. இராசநாயகத்தின் 1926ஆம் ஆண்டு யாழ்ப்பாண வரலாற்று நூலும் அவ்வழியே சென்றன. அண்மைக் காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் இத்துறையில் விரிவாக எழுதியுள்ளார்.

இம்முடிவுக்கான காரணங்களைப் பாருங்கள். காசின் எடையும் அமைப்பும் சோழர், பொலன்னறுவைக் காசுகளின் வழி வந்தவை. சேதுபதிகளோ 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆட்சிக்கு வந்தவர்கள்; அக்காலத்தில் இத்தகைய காசு அடிக்கும் வழக்கு நெடுநாள் முன்பே மறைந்துவிட்டது. எருது யாழ்ப்பாண அரசின் கொடிச் சின்னம். 'சேது' என்ற சொல் கொட்டகமக் கல்வெட்டிலும் மங்கலச் சொல்லாக வருகிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இக்காசுகள் குடாநாட்டிலேயே ஏராளமாக அகப்படுகின்றன. இந்தக் கடைசிக் காரணமே நமக்கு முக்கியமானது. காசுகள் எங்கே எடுக்கப்பட்டன என்பதைச் சிலர் குறித்துவைத்தபடியால்தான் ஓர் அரசின் நாணயம் அந்த அரசுக்குத் திரும்பக் கிடைத்தது. எவரும் குறித்துவைக்காமல் எல்லாவற்றையும் ஒரு ரின்னில் கொட்டியிருந்தால், அவை இன்றும் அக்கரைச் சேதுபதிகளின் கணக்கிலேயே இருந்திருக்கும்.

பாரசீக எழுத்தும் நமது ஆசையும்

அடுத்ததாக, நமது வாசகர்களின் கண்கள் விரைவில் தேடும் காசுகளுக்கு வருவோம். அரபு எழுத்துப் போலத் தோன்றும் எழுத்துள்ள காசு கிடைத்தால், 'இது பழைய சோனகர் காசு; நமது தொன்மைக்குச் சான்று' என்ற எண்ணம் எழுவது இயல்பு. தமது வரலாறு போதியளவு எழுதப்படவில்லை என்று உணரும் சமூகத்துக்கு இந்த ஆசை பாவமுமல்ல. ஆனால் காசை வாசித்த பின்னரே பேச வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இலங்கைக் கரையோரங்களிலும் கிடைக்கும் இத்தகைய செப்புக் காசுகளில் மிகப் பரவலானவை, கர்நாடக நவாபு முகம்மது அலியின் (1749–1795) காசுகள். 'வாலாஜாஹ்' என்ற அவரது பட்டப்பெயர் பாரசீக எழுத்தில் இருக்கும். வடிவம் சிறியது, தடித்தது. அச்சு காசைவிடப் பெரிதாகையால் எழுத்தின் ஒரு துண்டே விழுந்திருக்கும். லாம், அலிஃப் ஆகியவற்றின் நெடிய கோடுகளை வைத்துத்தான் பெரும்பாலும் பெயரை ஊகிக்க வேண்டும். இதைவிட நானூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தவை மதுரைச் சுல்தான்களின் காசுகள். 1330களில் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாஹ் தில்லியிலிருந்து பிரிந்து அமைத்த மஃபர் அரசு, 1378 அளவில் விஜயநகரத்தாரால் முடிவுற்றது. நாற்பது சொச்ச வருடங்களே நிலைத்த அவ்வரசின் சுல்தான்கள் ஒருவர் பின் ஒருவராகத் தம் பெயரில் காசு அடித்தமையாலேயே அவர்களது வரிசையை இன்று ஒழுங்குபடுத்த முடிகிறது.

இனி, ஒரு பக்கத்தில் மட்டும் பாரசீக எழுத்துள்ள பெரிய செப்புக் காசு. மறுபக்கத்தில் கம்பெனியின் சின்னமும் 1808 என்ற ஆண்டும் இருக்கும். இது ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் அடிப்பித்த இருபது காசு. பாரசீக வரிகள் கூறுவது, இருபது காசு நான்கு ஃபுலூஸ் ஆகும் என்பதே. 'காசு' என்ற தமிழ்ச் சொல், பாரசீக வாக்கியத்துக்குள் புகுந்து, ஆங்கிலேயர் யந்திரத்தில் அச்சாகிக் கடல் தாண்டி வந்திருக்கிறது. ஒரேயொரு காசில் எத்தனை கைகள் பட்டிருக்கின்றன என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

உண்மையில், எழுத்தைக் கொண்டு உரிமை கோருவதன் பலவீனத்தைக் கலவைக் காசுகளே நமக்குக் கற்பித்துவிடுகின்றன. தமிழ் வேந்தனான இராசராசனின் இக்காசில் இருப்பது நாகரி எழுத்து. சிங்கள மன்னர்களின் மஸ்ஸக் காசிலும் நாகரியே. பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் வெளியிட்ட செப்புக் காசில் ஒரு பக்கம் பிரெஞ்சு அரசின் லில்லிப்பூ. மறுபக்கம் தமிழில் 'புதுச்சேரி'. ஒல்லாந்தர் நாகப்பட்டினத்தில் வெளியிட்ட காசிலும் தமிழ் எழுத்து உண்டு. ஆங்கிலக் கம்பெனியின் காசில் பாரசீகம். சந்தையில் எந்த எழுத்து நம்பப்பட்டதோ அந்த எழுத்தே காசில் ஏறியது. அடித்தவனின் சமயத்தையே அது எப்போதும் சொல்வதில்லை என்றால், அதைக் கையில் வைத்திருந்தவனின் சமயத்தை எவ்வாறு சொல்லும்?

இரண்டு யானைகள்

உருவமும் எழுத்தைப் போலவே ஏமாற்றும். யானை பொறித்த செப்புக் காசுகள் இரண்டு வகை நம்மிடையே உண்டு. ஒன்று திப்பு சுல்தானுடையது. யானையின் மறுபக்கத்தில் பாரசீக எழுத்தில் காசு அடித்த நகரின் பெயர் இருக்கும். பேரரசர் பெயரோ திப்புவின் பெயரோ இராது. மற்றையது இலங்கையின் பிரித்தானிய அரசு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்டது. யானையின் கீழே ஆண்டு; மறுபக்கத்தில் இலங்கை அரசாங்கம் என ஆங்கிலத்திலும் நடுவே 12, 24 அல்லது 48 என்ற எண்ணும் இருக்கும். பிள்ளைகள் இந்த 48ஐ ஆண்டு என்று எண்ணி 1848 என்பர். அது ஆண்டல்ல, ஒரு றிக்ஸ்டொலரின் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு என்பதே அதன் பொருள். 1799இல் திப்புவை வீழ்த்திய பிரித்தானியர், ஒரு சில ஆண்டுகளில் இலங்கையில் யானையைப் பொறித்துக் காசு வெளியிட்டனர். உருவம் ஒன்று; அரசுகள் இரண்டு.

ஆண்டு என்னும் பொறி

காசில் ஆண்டு இருந்தால் வேலை முடிந்தது என்று எண்ணுவதும் தவறு. ஹிஜ்ரி ஆண்டைக் கிறிஸ்தவ ஆண்டாக்க எளிய வழி ஒன்று உண்டு. ஹிஜ்ரி எண்ணை 33ஆல் வகுத்து, வரும் ஈவை அதிலிருந்து கழித்து, 622ஐக் கூட்டவேண்டும். எடுத்துக்காட்டாக ஹிஜ்ரி 1172 என்பது 1758–59 ஆகும். அது முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் காலம். ஆனால் அவ்வாண்டும் அப்பேரரசரின் பெயரும் பொறித்த 'ஆர்க்காட்டு ரூபா'வை ஆங்கிலக் கம்பெனி 19ஆம் நூற்றாண்டிலும் அடித்துக்கொண்டே இருந்தது. மக்கள் பழகிய காசை மாற்ற அஞ்சி, ஆண்டையும் மாற்றாது விட்டனர். அதைப் பிடிப்பதற்குக் காசின் விளிம்பைப் பார்க்க வேண்டும். யந்திரம் வெட்டிய ஒழுங்கான கோடுகள் விளிம்பில் இருந்தால் அது கைச்சுத்தியலால் அடித்த காலத்ததன்று.

திப்புவின் காசுகள் இன்னொரு பொறி. 1787 அளவில் அவர் ஹிஜ்ரி ஆண்டை விடுத்து, நபி (ஸல்) அவர்களின் பிறப்பிலிருந்து எண்ணும் மௌலூதி ஆண்டுமுறையைக் கொண்டுவந்தார். அதோடு எண்களை வலமிருந்து இடமாக எழுதவும் செய்தார். ஆகவே 1215 என்ற ஆண்டு, வழமைப்படி வாசிப்பவருக்கு 5121 என்று தெரியும். எண்களைத் திருப்பி வாசித்து 1215 எனக் கண்டவரும், அதை ஹிஜ்ரி என்று கொண்டால் 1800–01 என்ற விடையையே பெறுவார். திப்பு 1799 மே 4ஆந் திகதி ஸ்ரீரங்கபட்டணத்தில் உயிர்நீத்தவர். இறந்த மன்னர் காசு அடித்ததாக முடியும் இந்தக் கணக்கு! மௌலூதி எண்ணோடு 572ஐக் கூட்டினால் 1787 என்ற சரியான விடை வரும். வாசிப்பு முறை ஒன்று பிழைத்தால் வரலாறு தலைகீழாகும் என்பதற்கு மாணவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இதுவே.

ஒல்லாந்தர் காசுகள் இவ்வகையில் நேர்மையானவை. வீ, ஓ, சீ ஆகிய மூன்று றோமன் எழுத்துகள் ஒன்றன்மேலொன்றாகப் பின்னிய முத்திரையும் அதன் கீழே ஆண்டும் தெளிவாக இருக்கும். மறுபக்கத்தில் நெதர்லாந்து மாகாணம் ஒன்றின் கேடயம். ஒல்லாந்து, சேலாந்து, உத்திரெக்ற் என்று மாகாணத்துக்கு மாகாணம் கேடயம் மாறும். 1726 முதல் இவை ஐரோப்பாவில் அடிக்கப்பட்டுக் கப்பலில் வந்தவை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இலங்கையிலேயே வெட்டிய தடித்த செப்புக் காசுகளும் உண்டு. அவற்றின் முத்திரைக்கு மேலுள்ள தனி எழுத்து அவை அடிக்கப்பட்ட ஊரைச் சுட்டும்.

குவியலின் வயது

ஒரு குவியலை அடையாளங் காணும்போது, அது எவ்வாறு குவிந்தது என்பதை முதலில் கேட்க வேண்டும். ஒரே பானையில், ஒரே இடத்தில் புதைந்து கிடந்தது ஒரு வகை. பல இடங்களில், பல காலங்களில் பொறுக்கிச் சேர்த்தது மற்றொரு வகை. பானைக் குவியலின் வயதைச் சொல்வது அதிலுள்ள ஆகப் பழைய காசு அல்ல. ஆகப் புதிய காசே. நூறு இராசராசன் காசுகளோடு 1790ஆம் ஆண்டின் ஒல்லாந்தச் சல்லி ஒன்று பானைக்குள் இருந்தால், அந்தப் பானை 1790க்குப் பின்னரே மூடப்பட்டது. அந்த ஒரு சல்லியைப் 'புதுக்காசு' என்று எறிந்துவிட்டால், மிச்சமுள்ள நூறும் எண்ணூறு வருடம் பின்னோக்கிச் சென்று பொய் சொல்லும். ரின்னில் சேர்ந்த குவியலிலிருந்தோ இத்தகைய முடிவு எதையும் எடுக்க முடியாது. அங்கு ஒவ்வொரு காசும் தனக்காக மட்டுமே பேசும்.

காசு பேசாத இடம்

இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். காசு இருப்பதைக் கொண்டு அளவுக்கு மிஞ்சி உரிமை கோரலாகாது என்றால், காசு இல்லாமையைக் கொண்டு உரிமை மறுக்கவும் கூடாது.

1344இல் இப்னு பதூதா இலங்கைக் கரையை அடைந்தபோது புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அம்மன்னருக்குப் பாரசீகம் விளங்கியது என்றும், தாமும் மஃபர் சுல்தானும் நண்பர்கள் என அவர் கூறினார் என்றும் பதூதா எழுதுகிறார். மன்னர் அவருக்கு முத்துக்களை வழங்கி, பாவா ஆதம் மலைக்குச் செல்லத் துணையாட்களும் கொடுத்தார். அதே பயணக் குறிப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. கரையிலே குன்றுபோலக் குவிந்து கிடந்த கறுவாப்பட்டையை மஃபர், மலபார் நாட்டார் விலை கொடாமலே எடுத்துச் சென்றனர். அதற்கு ஈடாக மன்னருக்குத் துணி முதலியவற்றைக் கொடுத்தனர்.

இதன் பொருளைச் சிந்தித்துப் பாருங்கள். பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் ஒரே காலத்தில் எருது பொறித்த சேதுக் காசும் அரபெழுத்துப் பொறித்த மதுரைச் சுல்தான் காசும் வழங்கின. அரசர்கள் நண்பர்களாயிருந்தனர். கப்பல்கள் போய்வந்தன. ஆனாலும் அக்காலத்தின் பெரிய வணிகம் ஒன்று துணிக்குக் கறுவாவாக, ஒரு காசும் மண்ணில் விழாமல் நடந்தது. நாளை ஒருவர் புத்தளக் கரையை அகழ்ந்து, மதுரைக் காசு ஒன்றுமில்லை, ஆகவே தொடர்பும் இல்லை என்று எழுதினால் அது பிழையாகும். துணி உக்கிப்போகும், கறுவா மணம் காற்றோடு போகும், செம்பு மட்டும் மிஞ்சும். மிஞ்சியது மட்டுமே நடந்தது அல்ல.

பொய்க் காசுகள்

கலவைக் குவியல்களில் இன்று ஒரு புதிய வகையும் சேர்ந்துள்ளது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 போன்ற ஆண்டும் அரை அணா என்ற பெறுமதியும் பொறித்து, மறுபக்கத்தில் இராமர், அனுமான் முதலிய உருவங்களைக் கொண்ட காசுகள் அவை. கஃபா, மதீனா உருவங்களோடு முஸ்லிம்களை நோக்கிச் செய்யப்பட்டவையும் உள்ளன. கம்பெனி இவ்வாறான எந்தக் காசையும் வெளியிடவில்லை. இவை பிற்காலத்தில் வியாபாரத்துக்காகச் செய்யப்பட்ட வில்லைகள். அரிசியை இழுக்கும், இலட்சக்கணக்கில் விலைபோகும் என்று கதைகட்டி இவற்றை விற்று ஏழைகளை ஏமாற்றியோர் பலர். கம்பெனியின் உண்மையான காசில் எந்தச் சமயத்தின் புனிதத் தலமும் விற்பனைச் சரக்காகப் பொறிக்கப்படவில்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது நல்லது.

உண்மையான காசும் தவறான செய்தி சொல்லலாம். 1809 ஜனவரியில், சென்னைக்கான செப்புக் காசுகளை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் இங்கிலாந்துக் கரைக்கு அப்பால் மூழ்கியது. 1980களில் அச்சரக்கிலிருந்து பெருந்தொகைக் காசுகள் மேலே எடுக்கப்பட்டு உலகச் சந்தையில் விற்பனையாயின. ஆகவே தேயாமல் இருக்கும் 1808ஆம் ஆண்டுக் காசு ஒன்று நம் கைக்கு வந்தால், அது தமிழ்நாட்டுச் சந்தையைக் கண்டிராத காசாகவும் இருக்கலாம். காசு மெய், அது சொல்வதாக நாம் எண்ணும் பயணம் பொய்.

என்ன செய்ய வேண்டும்?

காசு கிடைத்தவுடன் நம்மவர் முதலில் செய்வது அதைப் புளியும் தேசிக்காயும் போட்டுத் தேய்ப்பது. பளபளப்பு வரும், எழுத்துப் போய்விடும். செப்பின் மேல் படிந்த பச்சை, கறுப்புப் படலமே பல நூற்றாண்டுகளாக எழுத்தைக் காத்தது. சுத்தமான நீரில் நனைத்து, மென்மையான தூரிகையால் மண்ணை நீக்கினால் போதும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழச்செய்து பூதக்கண்ணாடியால் பார்த்தால் தேய்ந்த எழுத்தும் நிழலாக எழும்.

அதற்கு முன்னர் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. எங்கே, எப்போது, எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்பதை ஒரு தாளில் எழுதி, காசுக்கு ஓர் இலக்கமிட்டு, தனித்தனி உறைகளில் இட வேண்டும். பின்னர் நகைக்கடைத் தராசில் எடை, அடிமட்டத்தால் விட்டம், இரு பக்கத்தின் படங்கள். வகைபிரிப்பது அதற்குப் பிறகுதான். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டப்படி 1815 மார்ச் 2ஆந் திகதிக்கு முற்பட்டவை தொல்பொருள்கள் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். குவியலாகக் கிடைத்தால் தொல்பொருட் திணைக்களத்துக்கு அறிவித்தல் கடமை. யாழ்ப்பாணம் நாவலர் வீதியில் நூதனசாலை இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் அறிஞர்கள் இருக்கின்றனர். பழைய செம்பு, பித்தளை வாங்குபவரின் தராசுக்குப் போகும் காசு மட்டுமே மீளாது.

இதை அவசரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1990 ஒக்ரோபர் 30ஆந் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், 1995இல் அதே ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் போர் காரணமாக ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தனர். ஒன்று துரத்தப்பட்ட வெளியேற்றம். மற்றது போருக்கு அஞ்சிய இடப்பெயர்வு. இரண்டையும் சமப்படுத்தவில்லை. ஆனால் இரண்டிலும் வீடுகள் திறந்து கிடந்தன, பெட்டகங்கள் வெறுமையாயின. காணி உறுதியும் நிக்காஹ் பதிவும் சாதகமும் புகைப்படமும் போன வழியே, பரணிலிருந்த காசு ரின்னும் போயிற்று. எஞ்சியவற்றுள் பல இன்று எந்த வீட்டிலிருந்து, எந்த மண்ணிலிருந்து வந்தன என்ற செய்தியில்லாமல் கைமாறுகின்றன.

ஊர் திரும்பியவர்கள் தமது வேர்களை நிறுவச் சான்று தேடுவது நியாயமானது. அதற்குப் பள்ளிவாசற் பதிவுகளும், காணி உறுதிகளும், தெருப் பெயர்களும், மூத்தோரின் வாய்மொழியும் வலுவான சாட்சிகள். வாலாஜாஹ் காசு ஒன்றைக் காட்டி அதை நிறுவ முற்பட்டால், அடுத்த தெருவில் ஒருவர் சேதுக் காசைக் காட்டி மறுப்பார். இன்னொருவர் இலட்சுமித் தகட்டைக் காட்டி இருவரையும் மறுப்பார். பலவீனமான சான்று நல்ல வழக்கையும் தோற்கடிக்கும். ஆனால் அம்மூன்று காசுகளையும் ஒரே குடாநாட்டின் மண் தந்தது என்பதை எவராலும் மறுக்க முடியாது. அந்த உண்மையைக் கெடுக்காமல் காப்பதற்கு வேண்டியது ஒரு தாள், ஒரு பென்சில், ஓர் உறை மட்டுமே. அடுத்த முறை பிள்ளை ரின்னைத் தூக்கிக்கொண்டு வந்தால், 'ஆருடையது' என்பதற்கு விடை சொல்லும் முன், 'எங்கே எடுத்தாய், மோனை?' என்று கேட்டு அதன் பதிலை எழுதி வையுங்கள்.